துறை ஓகே சொல்லிவிட்டது, கடிதம் எங்கே? அமெரிக்க மேற்படிப்பு அட்மிஷன்: கேள்வி பதில்

கேள்வி: பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த துறையிலிருந்து பிப்ரவரி கடைசியில் மெயில் வந்தது. "தேர்வுக் குழு உங்களைப் பரிந்துரைத்திருக்கிறது, வாழ்த்துகள்" என்று. மூன்று வாரமாகியும் போர்ட்டல் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. இதை அட்மிட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: முக்கால் அட்மிட். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இரண்டு மேசைகள். ஆளைத் தேர்ந்தெடுப்பது துறை. சேர்க்கை ஆணை கொடுப்பது கிராஜுவேட் ஸ்கூல் என்ற மைய அலுவலகம் (பெர்க்லி போன்ற இடங்களில் கிராஜுவேட் டிவிஷன்). உங்கள் ஆராய்ச்சித் திட்டம் நன்றாக இருக்கிறதா என்று இரண்டாவது மேசை பார்ப்பதில்லை. பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா, மதிப்பெண் குறைந்தபட்ச அளவைத் தொடுகிறதா, டோஃபல் அல்லது ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு ஸ்கோர் வந்து சேர்ந்ததா, கட்டணம் கட்டியாயிற்றா என்பதே அதன் கவலை. துறை கேட்ட ஆளை அது மறுப்பது அரிது. காகிதம் சரியில்லை என்று நிறுத்திவைப்பது சகஜம். வீட்டில் பாயசம் வைக்கலாம். வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: "என் லேபில் சேர்த்துக்கொள்ள விருப்பம்" என்று ஒரு பேராசிரியர் தனியாக எழுதியது இந்தக் கணக்கில் வராது. குழு கூடி முடிவெடுத்ததா என்று மெயிலில் தேடுங்கள்.

கேள்வி: காகிதம் என்றால் எந்தக் காகிதம்? எல்லாம் அப்லோடு செய்தாயிற்றே.

பதில்: நம் ஊர் விண்ணப்பங்களில் முதல் சந்தேகம் பெயர் மேல்தான். மார்க்‌ஷீட்டில் 'கார்த்திகா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகா சுப்பிரமணியன்', டோஃபலில் 'சுப்பிரமணியன் கார்த்திகா' என்று இருந்தால் ஸ்கோர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும், ஆனால் உங்கள் விண்ணப்பத்தோடு ஒட்டியிருக்காது. பிறந்த தேதியும் அப்படியே. ஆகஸ்ட் 5 என்பதை நாம் 05/08 என்று போடுவோம்; அங்கே அது மே 8. போர்ட்டலின் சரிபார்ப்புப் பட்டியலில் ஸ்கோர் 'வரவில்லை' என்றிருந்தால் மறுபடி பணம் கட்டி அனுப்பாதீர்கள். விண்ணப்ப எண், தேர்வுப் பதிவு எண், பாஸ்போர்ட்டின் முதல் பக்க ஸ்கேன் மூன்றையும் அனுப்பி, விண்ணப்பித்தவரும் தேர்வு எழுதியவரும் ஒரே ஆள்தான் என்று எழுதுங்கள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு ஐ-20இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில் வரும். விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்.என்.யு. (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், அதாவது முதல் பெயர் தெரியவில்லை) என்று இருக்கும். அது பிழையல்ல.

அடுத்தது பட்டம். கடைசி செமஸ்டரில் இருப்பவருக்கு ஏழு செமஸ்டர் டிரான்ஸ்கிரிப்டை வைத்தே அட்மிட் கிடைக்கும், ஆனால் நிபந்தனையோடு. பட்டம் முடித்ததற்கான சான்றும் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் சேரும் முன்போ முதல் பருவத்துக்குள்ளோ போக வேண்டும். ஒரு அரியர் நின்றாலும் இங்கேதான் இடிக்கும். டிரான்ஸ்கிரிப்ட் உறையைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி அப்படியே அனுப்புங்கள். ஆர்வத்தில் பிரித்துப் பார்த்தால் அது செல்லாது. பத்துக்கு இத்தனை என்ற சிஜிபிஏவை நீங்களாக நாலுக்கு மாற்றிப் போடுவதும் வேண்டாம்.

கேள்வி: யாரிடம் கேட்பது? பேராசிரியருக்கே எழுதலாமா?

பதில்: வேண்டாம், அவர் கையில் இல்லாத விஷயம். துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு எழுதுங்கள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். துறை மெயில் வந்து இரண்டு மூன்று வாரம் பொறுத்துவிட்டு, ஒரே ஒரு மெயில். தலைப்பில் பெயர், விண்ணப்ப எண், படிப்பு, எந்தப் பருவம். உள்ளே இவ்வளவு போதும்: "இந்தத் தேதியில் துறையின் பரிந்துரை குறித்த மெயில் கிடைத்தது, நன்றி. போர்ட்டல் இன்னும் மாறவில்லை. என் தரப்பிலிருந்து ஏதாவது ஆவணம் நிலுவையில் உள்ளதா?" நிலுவை பற்றிய கேள்விக்குப் பதில் வரும். "எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டால் "விரைவில்" என்றுதான் வரும்.

கேள்வி: இன்னொரு பல்கலைக்கழகத்தின் முறையான கடிதம் கையில் இருக்கிறது, ஃபண்டிங்கோடு. அவர்கள் மார்ச் 25க்குள் பதில் கேட்கிறார்கள். பிடித்தது முதல் இடம்தான்.

பதில்: கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் 'ஏப்ரல் 15 தீர்மானம்' இதற்காகத்தான். அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் ஃபெலோஷிப், டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர் வேலை), ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர் வேலை) போன்ற நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவர் கடமைப்பட்டவரல்ல. அவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், தீர்மானத்தைக் குறிப்பிட்டுப் பணிவாக அவகாசம் கேளுங்கள். கூடவே முதல் இடத்தின் கோஆர்டினேட்டருக்கு, வேறு இடத்துக்கு இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள்; இது மிரட்டலில்லை, அவர்களுக்குப் பயன்படும் தகவல்.

நிதியுதவி இல்லாத எம்.எஸ். இடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் சொன்ன தேதிதான் தேதி. டெபாசிட் கட்டினால் பொதுவாகத் திரும்பாது.

நேரக் கணக்கிலும் ஏமாறுவார்கள். ஏப்ரல் 15 மாலை 5 மணி நியூயார்க்கில் என்றால் நமக்கு 16ஆம் தேதி விடியற்காலை 2.30. கலிபோர்னியாவில் நள்ளிரவு 12 என்றால் நமக்கு 16ஆம் தேதி பகல் 12.30.

கேள்வி: மகனுக்குத் துறை மெயில் வந்திருக்கிறது, தம்பி. அதை வைத்து பேங்க் லோனும் விசாவும் ஆரம்பிக்கலாமா?

பதில்: விசா முடியாதுங்க ஐயா. முறையான கடிதம் வந்து, மகன் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டு, முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்டிய பிறகே ஐ-20 வரும். அதில் 'என்' எழுத்தில் தொடங்கும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறை) எண் இருக்கும். 350 டாலர் செவிஸ் கட்டணத்துக்கும் விசா படிவத்துக்கும் அந்த எண் வேண்டும். லோனுக்கு இப்போதே சொத்துப் பத்திரம், வில்லங்கச் சான்று, வருமான வரிக் கணக்கு இவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அலைச்சல் அதில்தான் அதிகம். பாஸ்போர்ட்டின் செல்லுபடித் தேதியையும் பாருங்கள். விமான டிக்கெட்டுக்கு அவசரமில்லை. படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு மேல் முன்கூட்டி நாட்டுக்குள் விட மாட்டார்கள்.

கேள்வி: அதே படிப்புக்கு மற்றவர்களுக்குக் கடிதம் வந்துவிட்டதாம். எனக்கு ரிஜெக்ட்டா?

பதில்: இல்லை. கோப்புகள் தவணை தவணையாகப் போகும். ரிஜெக்டும் கடிதமாகத்தான் வரும்.

கேள்வி: இன்று காலை கடிதம் வந்துவிட்டது! உடனே 'ஏற்கிறேன்' அழுத்தட்டுமா?

பதில்: வாழ்த்துகள். அதற்கு முன் பிடிஎஃப்பை இறக்கி வைத்துக்கொண்டு பாருங்கள்: பட்டம் பிஎச்.டி.தானா, எம்.எஸ். என்று மாறியிருக்கிறதா, எந்தப் பருவம், நிபந்தனை என்ன, பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா. ஃபண்டிங் விவரம் பெரும்பாலும் இந்தக் கடிதத்தில் இருக்காது, துறை தனியாக அனுப்பும். அதில் எத்தனை ஆண்டு, கோடை மாதங்களுக்கு உண்டா, கல்விக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.