வயிற்று மந்தத்துக்குச் சீனர்கள் குடிக்கும் மருந்து சூப் எது? வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் "வயிற்றுக்கான சூப்" என்று ஒன்று கிடையாது. நான் தைவானில் வேலை பார்க்கிறேன். இங்கே வயதானவர்களிடம் வயிறு சரியில்லை என்று சொன்னால், சூப்பின் பெயருக்கு முன்னால் கேள்விகள்தான் வரும். அதிகமாகச் சாப்பிட்டாயா, ஐஸ் போட்டு எதையாவது குடித்தாயா, பேதியா, உப்புசமா, நெஞ்சு எரிகிறதா? பதிலைப் பொறுத்து சூப் மாறும். இணையத்தில் சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சீன மருத்துவத்தில் செரிமானம் முழுவதும் மண்ணீரல், இரைப்பை என்ற ஜோடியின் பொறுப்பு. (உணவைச் சத்தாக மாற்றும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் மண்ணீரல். நாம் உயிரியலில் படித்த உறுப்போடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1232-இல் மங்கோலியர் கைஃபெங் நகரை முற்றுகையிட்டபோது மக்கள் கொத்துக் கொத்தாக இறந்ததைப் பற்றி லி தோங்யுவான் என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். பட்டினியாலும் அலைச்சலாலும் வயிறு கெட்டதுதான் காரணம் என்பது அவர் வாதம். வயிற்றைத் தேற்றினால் மற்றதெல்லாம் தேறும் என்ற எண்ணம் இன்றும் இங்கே வீட்டுச் சமையல் வரை இருக்கிறது.

அடிக்கடி வயிறு இளகும், பசி எடுக்காது, சாப்பிட்டால் சோர்வு வரும் என்றால் ஸி ஷென் தாங் என்ற சூப். தைவானில் இரவுச் சந்தைகளில்கூடக் கிடைக்கும். அடிப்படைப் பொருள்கள் நான்கு: தாமரை விதை, சியன் ஷி, ஹுவாய் ஷான் என்னும் சீன வள்ளிக்கிழங்கின் காய்ந்த வில்லைகள், பைன் மர வேரை ஒட்டி மண்ணுக்குள் வளரும் ஃபூலிங் என்ற பூஞ்சை. இதில் சியன் ஷி நமக்குத் தெரிந்ததுதான். பீகாரில் அதே விதையைப் பொரித்து மக்கானா என்று விற்கிறார்கள். தைவானில் இவற்றோடு யிரென் என்ற தானியத்தையும் போடுவார்கள். பார்க்கப் பார்லி மாதிரி இருக்கும், ஆனால் வேறு பயிர்.

நான்கு பேருக்கு ஒவ்வொன்றிலும் 30 கிராம் எடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊற வையுங்கள். தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூப் முழுக்கக் கசக்கும். கடைகளில் பன்றிக் குடலோடு வேக வைப்பார்கள். எனக்கு அது வயிறு நன்றாக இருப்பவருக்கான சாப்பாடாகவே படுகிறது; நோவில் இருப்பவருக்குக் கொழுப்பு அதிகம். குடலுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய விலா எலும்பு 400 கிராம், தண்ணீர் 2 லிட்டர், சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். உப்பு கடைசியில். இறக்கியதும் ஒரு ஸ்பூன் அரிசி ஒயின் விடுவார்கள், விடாவிட்டாலும் குறையில்லை. தாமரை விதைக்கும் சியன் ஷிக்கும் துவர்ப்பு உண்டு, மலத்தைக் கட்டும். மலச்சிக்கல்காரர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு யிரென் கொடுக்க மாட்டார்கள்.

குளிர்ந்ததைக் குடித்து வயிற்றைப் பிசைகிறது, சூடாக எதையாவது வைத்தால் இதமாக இருக்கிறது என்றால், தென் சீனாவின் குவாங்தோங் பக்கத்து மிளகு சூப். பன்றி இரைப்பையை உப்பு, மாவு போட்டுத் தேய்த்துக் கழுவி, நொறுக்கிய வெள்ளை மிளகை உள்ளே வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க விடுவார்கள். நெஞ்செரிச்சலோ புண்ணோ இருந்தால் இதைத் தொடவே கூடாது.

விருந்தில் கறி அதிகமாகிப் புளித்த ஏப்பம் வந்தால் சத்தான சூப் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஹாதார்ன் என்ற சிறு சிவப்புப் பழத்தின் காய்ந்த துண்டுகள், முளைகட்டிக் காயவைத்த பார்லி, பழைய ஆரஞ்சுத் தோல் மூன்றையும் கொதிக்க வைத்த லேசான சாறுதான். குவாங்தோங்கில் சின்ஹுய் என்ற ஊரின் தோலுக்குப் பெரிய மதிப்பு. குறைந்தது மூன்று வருடம் பழசாக இருக்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்களுக்கு முளைப் பார்லி ஆகாது, பால் குறையும் என்பார்கள். ஹாதார்ன் புளிப்பு, வெறும் வயிற்றில் வேண்டாம்.

வட சீனாவில் இன்னும் எளிது. தினைக் கஞ்சி. ஆமாம், நம்முடைய அதே தினை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பயிரான தானியம் அது. குழைய வேக விட்டு ஆற வைத்தால் மேலே ஏடு படியும். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் அந்த ஏட்டைத்தான் கொடுப்பார்கள்.

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்றால், கடைசியில் சொல்லும் சைவ சூப்பில் போடுகிற இஞ்சி குமட்டலைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று ஓரளவு நன்றாகவே இருக்கிறது. மற்றவற்றுக்கு அந்த அளவு கிடையாது. வெதுவெதுப்பு, குழைவு, எண்ணெய் இல்லாதது, நீரும் உப்பும் சேர்ந்தது, இவையே பாதி மருந்து என்பது என் எண்ணம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, விடாத காய்ச்சல் இருந்தால் அடுப்பைப் பற்றவைக்காமல் டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த மூலிகையையும் கேட்காமல் போடக்கூடாது.

நீங்கள் சைவம் என்றால் ஸி ஷென் தாங்கில் எலும்புக்குப் பதில் காய்ந்த ஷிடாகே காளானும் இரண்டு துண்டு இஞ்சியும் போடுங்கள். தைவானில் சைவக் கடைகளிலும் இந்த சூப் உண்டு, எனக்கு அந்தச் சுவைதான் அதிகம் பிடிக்கும்.