பிரிவியூ ஓடுகிறது, எக்ஸ்போர்ட் நிற்கிறது: பிழையை எங்கே தேடுவது?

கேள்வி: பிரீமியர் புரோவில் தொகுத்த 4கே வீடியோவில், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த தலைப்புகளை டைனமிக் லிங்க் (தனிக் கோப்பாக எடுக்காமலே இரு மென்பொருள்களையும் நேரடியாக இணைக்கும் வசதி) வழியாக இணைத்திருக்கிறேன். டைம்லைனில் எல்லாம் சரியாக ஓடுகிறது. எக்ஸ்போர்ட் மட்டும் ‘எரர் கம்பைலிங் மூவி’ என்று பாதியில் நின்றுவிடுகிறது. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: டைம்லைனில் ஓடுவதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிவியூவின்போது பிரீமியர் அரை அல்லது கால் ரெசல்யூஷனில் காட்டலாம். நேரத்துக்குள் தயாராகாத ஃபிரேம்களைத் தவிர்த்துவிட்டு மேலே செல்லலாம். எக்ஸ்போர்ட்டில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு ஃபிரேமும் முழு அளவில் உருவாக வேண்டும். அதே வேளையில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் திரையில் தெரியாமல் பின்னணியில் இயங்கி, காம்பொசிஷனை (அங்கே லேயர்களால் அமைத்த காட்சியை) கணக்கிட்டுத் தந்தபடி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ரேமையும் ஒரே கிராஃபிக்ஸ் கார்டையும் பங்கிட்டுக்கொள்கின்றன. 3840 × 2160 அளவுள்ள ஒரே ஒரு ஃபிரேம், ஆல்ஃபாவுடன் (எந்த இடம் எவ்வளவு ஒளி ஊடுருவும் என்பதைக் குறிக்கும் சேனல்) சேர்த்து, சேனலுக்கு 8 பிட்டில் ஏறத்தாழ 33 எம்பி இடம் பிடிக்கும். 32 பிட்டில் அது 133 எம்பி ஆகிவிடும். லேயர்கள் கூடக் கூட நெருக்கடி எவ்வளவு விரைவில் வரும் என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுபவர்கள் பலர். அதில் பெரும்பாலும் ஒரு டைம்கோடு, அதாவது வீடியோவில் பிழை நேர்ந்த இடத்தின் நேரக் குறியீடு, இருக்கும். அதுவே உங்களுக்குக் கிடைத்துள்ள மிக முக்கியமான தடயம். அந்த இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும் தொடக்க, முடிவுப் புள்ளிகளை (இன், அவுட்) குறித்து, சில வினாடிகளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பிழை திரும்ப வந்தால், இணைக்கப்பட்ட காம்பொசிஷனை டிஸேபிள் செய்துவிட்டு மீண்டும் முயலுங்கள். இப்போது வீடியோ முழுமையாக வெளிவந்தால் காரணம் காம்பொசிஷனிலோ இணைப்பிலோ இருக்கிறது. வராவிட்டால் அங்குள்ள கிளிப்பையோ எஃபெக்டையோ சந்தேகிக்க வேண்டும். துண்டு மட்டும் தடையின்றி வந்து, முழு வீடியோ நின்றால், நினைவகம் படிப்படியாக நிரம்புவதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, புராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை (ஃபிரேம்களை உருவாக்கும் முறையை) ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று, அதாவது கிராஃபிக்ஸ் கார்டைச் சாராத முறைக்கு, மாற்றிச் சோதியுங்கள். மெதுவாகவேனும் வேலை முடிந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரையோ அதைப் பயன்படுத்தும் பிளகினையோ கவனிக்க வேண்டும்.

இரு மென்பொருள்களும் ஒரே முதன்மைப் பதிப்பாக உள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

காரணம் காம்பொசிஷன் என்று தெரிந்தால், கடைசி எக்ஸ்போர்ட்டில் டைனமிக் லிங்கையே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருத்தங்கள் நடக்கும்வரை அது அருமையான வசதி; திருத்தம் முடிந்தபின் அது தேவையற்ற சுமை. பிரீமியரிலேயே ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’ இருக்கிறது. ஆனால் அதுவும் அதே இணைப்பின் வழியாகவே செயல்படுவதால், இணைப்பே பழுதாக இருக்கும்போது அதுவும் தடுமாறும். எனவே ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் ரெண்டர் கியூவிலிருந்து நேரடியாக ரெண்டர் செய்யுங்கள். பின்னால் உள்ள வீடியோ தெரிய வேண்டிய தலைப்புகளுக்கு புரோரெஸ் 4444 வடிவமும் ‘ஆர்ஜிபி + ஆல்ஃபா’ தேர்வும் வேண்டும், எச்.264 ரெண்டரில் ஆல்ஃபா கிடைக்காது. ரெண்டரும் இடையில் நின்றுபோகிறது என்றால் பிஎன்ஜி ஸீக்வென்ஸாக எடுத்து, ரெண்டர் செட்டிங்ஸில் ‘ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்’ தேர்வை இயக்கிவிடுங்கள். அப்போது ஏற்கெனவே எழுதப்பட்ட ஃபிரேம்கள் வீணாகாமல், நின்ற இடத்திலிருந்தே வேலை தொடரும். கனமான காம்பொசிஷன்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

அந்தக் கோப்பை டைம்லைனில் வைக்கும்போது எழுத்துகளின் ஓரத்தில் கருநிறக் கோடு தெரிந்தால், ஆல்ஃபா ‘பிரிமல்டிபிளைடு’ ஆக (ஓரங்களில் பின்னணி நிறம் கலந்து) பதிவாகியிருக்கிறது; அவுட்புட் மாட்யூலில் ‘ஸ்ட்ரெய்ட்’ (நிறம் கலக்காதது) என்று மாற்றி மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும். ஃபிரேம் ரேட்டும் ஒன்றாக இருக்கட்டும்: 24-க்கும் 23.976-க்கும் உள்ள வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும், 10 நிமிடத்தில் அது 14 ஃபிரேம்களுக்கு மேல் விலகலை உண்டாக்கும்.

பிழை எப்போதும் 4 ஜிபி அளவை எட்டும்போதே வருமானால், சேமிக்கும் டிரைவ் ஃபேட்32 முறையில் உள்ளதா என்று பாருங்கள். அந்த முறையில் அதைவிடப் பெரிய கோப்பை எழுதவே முடியாது.