மூன்று கருவி, மூன்று அளவு: டயர் காற்றில் எதை நம்புவது?

கேள்வி: என் காருக்கு 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) காற்று வேண்டும். பெட்ரோல் பங்கில் 33 வைத்து நிரப்பினேன். மறுநாள் காலை என்னிடமுள்ள கேஜில் (காற்றழுத்தம் பார்க்கும் கருவி) பார்த்தால் 30. காரிலேயே செருகும் சிறிய பம்பைப் போட்டால் அதன் முள் 36-ஐத் தொடுகிறது. எது சரி?

பதில்: காலையில் பார்த்த 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் எடுத்த அளவு அது ஒன்றுதான்.

வண்டி ஓடினால் டயர் சூடேறும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் நான்கைந்து கூடுதலாகக் காட்டுவதும் இயல்பு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவோ ஆறிய டயருக்கானது. எனவே சூடான டயரில் 33 வைத்தால் ஆறியதும் இறங்கத்தான் செய்யும். (டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று பொறித்திருப்பது உச்ச வரம்பு. அந்த அளவுக்கு நிரப்பிவிடாதீர்கள்.) சூட்டில் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்குவது மிகவும் தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கி மடங்கி மேலும் சூடாகும். ஆள் நிறைந்த வண்டியில், கோடையில், அது வெடிப்பில் போய் முடியலாம்.

பம்பின் முள்ளை அது ஓடும்போது பார்க்காதீர்கள். காற்றை வால்வு வழியே தள்ளக் குழாயில் கூடுதல் அழுத்தம் தேவை; முள் காட்டுவது அதைத்தான். அணைத்துப் பாருங்கள், சட்டென்று இறங்கும். அதன் பிறகும் கேஜில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கேஜை வால்வில் நேராக, அழுத்தமாக வையுங்கள். ஒரு நொடி 'உஸ்' என்று கேட்டு நின்றுவிட வேண்டும். சத்தம் தொடர்ந்தால் காற்று கசிகிறது, அளவு குறைவாகவே காட்டும். ஒரே டயரில் மூன்று முறை பாருங்கள்; அரை பி.எஸ்.ஐ.க்குள் ஒத்துப்போனால் கருவி நிலையானது. பிறகு நல்ல டயர் கடையின் கேஜோடு ஒப்பிட்டு, எத்தனை கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முள் கேஜ் வாங்கினால் 60 வரை உள்ளதே காருக்குப் போதும். கேஜ் காட்டக்கூடிய உச்ச அளவில் 2 சதவீதம் பிழை என்றால் 160 வரை உள்ள கேஜில் அது மூன்றுக்கு மேல் போய்விடும். டிஜிட்டல் கேஜில் புள்ளிக்குப் பின் எண் தெரிவதாலேயே அது துல்லியமானது என்று எண்ண வேண்டாம்.

பங்க் தொலைவில் இருக்கிறதா? காலையில் வீட்டிலேயே ஒவ்வொரு டயரையும் பார்த்து எத்தனை குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு 33-க்கு 3 குறைகிறது. பங்க் கருவி முதலில் 34 என்று காட்டினால் 37 வையுங்கள். 35 காட்டினால் 38. டயரின் சூடும் அந்தக் கருவியின் பிழையும் நிரப்பும் முன்னும் பின்னும் பார்க்கும் இரண்டு அளவிலும் ஒன்றுபோல இருப்பதால், கூடுவது ஏறத்தாழ அந்த 3 மட்டுமே.