வாசகர் கேள்வி – பதில்: கறுப்புப் பட்டியும் கரும்பலகையும்

சென்ற இதழில் ஜப்பானியத் தற்காப்புக் கலைகளைப் பற்றி எழுதிய சிறு குறிப்பு, மலையகத்தின் பல பகுதிகளிலிருந்து கடிதங்களை வரவழைத்துவிட்டது. ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானியத் தற்காப்புக் கலைஞர்களுள் மிகப் பெரியவர் யார்? வாள்வீரர் முசாஷியா, எருதோடு மோதிய ஒயாமாவா? (வாசகர், பொகவந்தலாவை)

இருவரையும் விட்டுவிட்டு, ஒரு பாடசாலை அதிபரின் பெயரைச் சொல்லப் போகிறேன். மியாமோதோ முசாஷி அறுபதுக்கும் மேற்பட்ட மோதல்களில் ஒருமுறையும் தோற்கவில்லை என்று தாமே எழுதி வைத்துவிட்டு 1645இல் மறைந்தார். மசுதத்சு ஒயாமா, முழு வலுவோடு தாக்கிப் பழகும் கியோகுஷின் கராத்தேயை உருவாக்கினார். இவர்களுடைய வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், இன்று ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு பிள்ளை வெள்ளைச் சீருடை அணிந்து, ஆசிரியரை வணங்கி, பட்டியை இறுக்கிக் கட்டுகிறது என்றால், அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நிற்பவர் கானோ ஜிகோரோ.

1860இல் கோபேக்கு அருகே சாக்கே மது வடிக்கும் குடும்பமொன்றில் பிறந்த கானோ, சிறிய உடல்வாகு கொண்டவர். பாடசாலையில் பெரிய பையன்களிடம் அடிபட்டே, சாமுராய்கள் பழகிய வெறுங்கைச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவைத் தேடிப் போனார். சாமுராய்களின் காலம் முடிந்து, 1876இல் வாள் தரிப்பதும் தடை செய்யப்பட்டிருந்ததால், பழைய ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஃபுகுதா ஹச்சினோசுகேயிடம் சேர்ந்த கானோ, ஒருநாள் தம்மை வீழ்த்திய பிடியைப் பற்றி, கையை எங்கே வைத்தீர்கள், காலை எப்படி நகர்த்தினீர்கள் என்று கேட்டார். ஆசான் “வா” என்றார், மறுபடி வீழ்த்தினார். மீண்டும் கேட்டார், மீண்டும் வீழ்த்தினார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் காரியமில்லை, செய்து செய்துதான் வரும் என்பதே அவருடைய பாடம். அந்த ஆசானைக் கடைசிவரை மதித்த கானோ, அந்த முறையை மட்டும் ஏற்கவில்லை. எதிராளியின் சமநிலையைக் குலைத்தல், உடலைப் பொருத்துதல், எறிதல் என்று ஒவ்வொரு வீச்சையும் பிரித்துப் பார்த்து, விளக்கிச் சொல்லத்தக்க பாடமாக்கினார். பாதுகாப்பாக விழும் முறையைத் தொடக்கத்திலேயே கற்பித்தார்; எலும்பை முறிக்கும் நுட்பங்களை, இருவர் தடையின்றி மோதிப் பழகும் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். இப்படிச் சீரமைத்த கலைக்கு ஜூடோ என்று பெயர்.

1882இல், தம் 21ஆம் வயதில், தோக்கியோவின் எய்ஷோஜி கோவிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் ஒன்பது மாணவர்களோடு கோதோகன் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய் என்றால், நம்முடைய லயக் காம்பரா ஒன்றும் அதன் இஸ்தோப்பும் சேர்ந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் விழுந்த அதிர்ச்சியில் கோவிலிலிருந்த மூதாதையர் நினைவுப் பலகைகள் சாய, துறவி முறையிட்டார். உடைந்த தரைப் பலகைகளைச் சரிசெய்யக் கானோவே தரைக்கடியில் ஊர்ந்து போவார். அந்த இளைஞர்தான் பின்னர் தோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் அதிபராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1938இல், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், ஹிகாவா மாரு கப்பலில் காலமானார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்பட்டதைக் காண அவர் இல்லை. அதில் எடைக் கட்டுப்பாடற்ற பிரிவின் தங்கத்தை ஜப்பானியர் எவரும் பெறவில்லை. நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க் பெற்றார். கற்பித்தவன் தோற்கும் அளவுக்குக் கற்பித்திருக்கிறார்கள்!

கராத்தே நம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோன கலை என்கிறார்களே, உண்மையா? (ஆசிரியர், தலவாக்கலை)

நாம் விரும்பும் விடையைச் சான்றுகள் தரவில்லை. போதிதர்மரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்புச் சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மற்றொரு நூலோ அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. பல்லவ இளவரசர் என்பது பிற்கால மரபு. ஷாவோலின் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்ற கதை, 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு பயிற்சி நூலின் முன்னுரையை ஒட்டிப் பரவியது. அதாவது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின். கராத்தேயின் உறுதியான வேர்கள், ஒக்கினாவாத் தீவின் உள்ளூர்க் கைச்சண்டையிலும், அத்தீவோடு வணிகம் செய்த சீனாவின் ஃபுஜியன் மாகாணக் கலைகளிலும் உள்ளன. போதிதர்மர் தமிழராக இருந்திருக்கலாம். அதற்காகக் கராத்தே தமிழரின் கலையாகிவிடாது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடும், எனக்கும் தெரியும்.

கராத்தேயை உலகறியச் செய்த ஃபுனகோஷி சண்டையில் எத்தனை பேரை வென்றார்? (தரம் 10 மாணவர், மஸ்கெலியா)

அவருடைய புகழுக்கும் வெற்றிக் கணக்குக்கும் தொடர்பில்லை, தம்பி. 1868இல் ஒக்கினாவாவின் ஷூரியில் பிறந்த ஃபுனகோஷி கிச்சின், நோஞ்சான் பிள்ளை. இரவில் ஆசான் அசாதோவின் வீட்டு முற்றத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒரே ‘கதா’வை, அதாவது வரிசைப்படுத்திய அசைவுத் தொகுதியை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தார். பகலில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். அந்த வேலையில் சேர்வதற்காகக் குடுமியை வெட்டிக்கொண்டதில் பெற்றோர் அதிர்ந்து போனார்கள்.

1922இல், ஐம்பது வயதைத் தாண்டிய பின், கல்வி அமைச்சின் கண்காட்சிக்காகத் தோக்கியோ வந்தார். கானோ அவரைக் கோதோகனுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னார். அவரும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். வருமானம் சொற்பம். ஒக்கினாவா மாணவர் விடுதியொன்றில் காவலும் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்துக்கொண்டே கற்பித்தார். சீருடையையும் பட்டி முறையையும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டார். முன்பு ‘சீனக் கை’ என்ற பொருளில் எழுதப்பட்ட கராத்தே என்ற சொல்லை, ஒலியை மாற்றாமல் எழுத்தை மட்டும் மாற்றி, ‘வெறுங்கை’ என்று பொருள்படச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. சீனாவோடு பகை முற்றிய 1930களில் அந்த மாற்றத்துக்கு அரசியல் வசதியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கராத்தேயில் முதல் அடி கிடையாது, அதாவது நாமாக முதலில் தாக்கக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய நெறி. ஷோதோகன் என்று பெயர் பெற்ற அவருடைய பயிற்சிக்கூடம் 1945இல் குண்டுவீச்சில் அழிந்தது. அவர் 1957இல் காலமானார்.

என் மகள் பயிலும் கராத்தே வகுப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு நிறப் பட்டி என்று பரீட்சைக் கட்டணம் வாங்குகிறார்கள். இத்தனை நிறங்கள் அவசியமா? பெண்பிள்ளை இதில் எவ்வளவு தூரம் போகலாம்? (தாய், பண்டாரவளை)

கானோ காலத்தில் பெரும்பாலும் வெள்ளையும் கறுப்பும்தான். இடையிலுள்ள பல நிறங்கள் ஐரோப்பாவில் பெருகின. 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி அவற்றைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். பொறுமையற்ற மாணவருக்கு அடுத்த படியைக் கண்ணில் காட்டுவது நல்ல உத்திதான். படி ஏறாமலே பட்டி மட்டும் மாறினால், தாயே, கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மகளுக்குப் பின்னோக்கி விழத் தெரியுமா, கற்ற அசைவு எதற்காக என்று சொல்லத் தெரியுமா என்று வீட்டிலேயே பாருங்கள்.

பெண்பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்றதற்கு ஃபுகுதா கெய்கோவைச் சொல்கிறேன். கானோவை ‘வா’ என்று சொல்லி வீழ்த்தினாரே, அந்த ஆசானின் பேத்தி. ஐந்தடிக்கும் குறைவான உயரம். கானோவே அழைத்ததால் 1935இல் கோதோகனில் சேர்ந்தார். மணம் முடித்தால் ஜூடோவைக் கைவிட வேண்டும் என்ற நிலை வந்தபோது திருமணத்தைக் கைவிட்டார். கறுப்புப் பட்டிக்குள் உள்ள படிகளைத் ‘தான்’ என்பார்கள். பெண்களுக்கு ஐந்தாம் ‘தான்’ படிக்கு மேல் தரம் இல்லை என்ற வழக்கத்தால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே படியில் நிறுத்தப்பட்டார். அந்தத் தடை 1972இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் குடியேறிக் கற்பித்த அவருக்கு, 2011இல், 98ஆம் வயதில், அந்நாட்டு ஜூடோ அமைப்பு பத்தாம் ‘தான்’ தரத்தை வழங்கியது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார்.

எங்கள் தோட்டத்தில் சிலம்பம் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். திருவிழாவில் மட்டும் கம்பு சுற்றுகிறார். இதைப் பாடசாலைக்குக் கொண்டுவர ஜப்பானியரிடம் கற்க ஏதாவது உண்டா? (இளைஞர் மன்ற உறுப்பினர், அப்புத்தளை)

உண்டு. ஃபுனகோஷியின் மற்றோர் ஆசான் இதோசு அன்கோ, 1901 அளவில் ஷூரியின் பாடசாலையொன்றில் கராத்தேயைப் புகுத்தினார். அதுவரை அது இரவில், மதிலுக்குள், நம்பிக்கைக்குரிய ஓரிருவருக்கு மட்டும் கற்பிக்கப்பட்ட கலை. பிள்ளைகளுக்கென்று பினான் என்ற ஐந்து எளிய கதாக்களை அமைத்தார். 1908இல், எழுபதைத் தாண்டிய வயதில், இக்கலை பாடசாலைகளில் ஏன் வேண்டும் என்று பத்துக் கருத்துகளைக் கடிதமாக எழுதினார். விலையும் கொடுத்தார்: கூட்டாகச் செய்யும் பயிற்சியாக மாறியபோது, பிடிகளும் பூட்டுகளும் பல அசைவுகளின் உட்பொருளும் மங்கிப்போயின என்று இன்றும் ஒக்கினாவாவில் குறைப்படுகிறார்கள். குறை நியாயமானதுதான். ஆனால் குறைப்படுவதற்காவது கலை மிஞ்சியிருக்கிறது.

ஆகவே அதிபரிடம் போகுமுன் பெரியவரிடம் போங்கள். ஒவ்வொரு காலடிக்கும் வீச்சுக்கும் அவர் வாயில் வரும் பெயரை அப்படியே ஒரு கொப்பியில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் பிடிக்கும்போது கம்பை மட்டும் பிடிக்காமல் பாதத்தையும் பிடியுங்கள். எது சிறுவருக்கு ஆகாது என்பதையும் அவரே சொல்லட்டும். அதைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.