சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தரங்களை ஒரு நாடு அப்படியே விதியாக்கிவிட முடியாதா? ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?

கேள்வி கேட்டவரின் ஆதங்கம் புரிகிறது. கதிர்வீச்சுக்கு ஒருவர் எவ்வளவு ஆளாகலாம் என்று உலக நிபுணர்கள் உட்கார்ந்து எண் கொடுத்துவிட்டார்கள். அதை எடுத்து நம் அணுப் பாதுகாப்பு விதிகளில் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்ததே, அதற்கு எதற்குப் பத்து வருடம் என்கிறார்.

எண்ணைச் சேர்ப்பது ஒரு சாயங்கால வேலைதான். நான் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில், எங்கள் பேச்சில் சொன்னால் ‘ஹெல்த் பிசிக்ஸில்’, நெடுநாள் வேலை பார்த்தவன். விதிப் புத்தகத்தில் ஒரு வரி மாறினால் அது எங்கள் மேசைக்கு வந்து சேரும்போது எத்தனை கேள்வியாகக் கிளை விடும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மேசையிலிருந்துதான் இந்தப் பதில்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். இந்தத் தரங்கள் யாரையும் தானாகக் கட்டுப்படுத்துவதில்லை. அறிவியல் தரவுகளைத் தொகுப்பது 1955இல் ஐ.நா. அமைத்த அன்ஸ்கியர் குழு. அதைப் படித்துப் பரிந்துரை எழுதுவது ஐசிஆர்பி என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம். 1928இல் ஸ்டாக்ஹோமில் கதிரியக்க மருத்துவர்களின் மாநாட்டில் பிறந்து, 1950இல் இப்போதைய பெயரை வாங்கிய அமைப்பு. அந்தப் பரிந்துரையை விதி மாதிரியான நடையில் எழுதித் தருவது சர்வதேச அணுசக்தி முகமை. முகமையின் தரம் அதன் சொந்த வேலைகளுக்கும், அது உதவி செய்யும் திட்டங்களுக்கும்தான் கட்டாயம். மற்றபடி ஏற்பதும் ஏற்காததும் நாட்டின் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் உறுப்பு நாடுகளுக்கு உத்தரவாகவே வரும்.

1994இல் உருவான அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 15ஆவது பிரிவைப் படித்தால் இன்னும் வேடிக்கை. டோஸை, அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவை, நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும், எவரும் வரம்பைத் தாண்டக்கூடாது என்கிறது. எந்த வரம்பு? ‘அந்தந்த நாடு விதித்த வரம்பு.’ எண்ணே கிடையாது.

சரி, எண்ணுக்கு வருவோம். கதிர்வீச்சு வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (டோஸை அளக்கும் அலகு), ஆனால் எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக்கூடாது. ஐசிஆர்பி 1990இல் சொன்னது, 2007இலும் மாற்றாமல் வைத்தது. கேட்க எளிமையாக இருக்கிறது. இதை அப்படியே விதியில் எழுதிப் பாருங்கள்.

‘ஐந்து வருடம்’ என்றால் எந்த ஐந்து? நிலையான கட்டங்களாக, இந்த ஐந்து முடிந்து அடுத்த ஐந்து என்று வைத்தால் ஒரு ஓட்டை விழும். ஒரு வெல்டருக்கு ஐந்து வருடத்தில் 5, 5, 10, 30, 50 என்று டோஸ் வருகிறது. கூட்டினால் சரியாக 100, விதி மீறவில்லை. அடுத்த கட்டத்தின் முதல் வருடமே மறுபடி 50. அதுவும் மீறல் இல்லை, மீதி நான்கு வருடத்துக்குக் கணக்கில் இன்னும் 50 இருக்கிறது. ஆனால் இரண்டாம் வருடம் தொடங்கி ஆறாம் வருடம் வரை கூட்டிப் பாருங்கள்: 145. கட்டக் கணக்கில் ஒழுங்கான ஆள், நகரும் கணக்கில் வரம்பை எப்போதோ தாண்டியவர். இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நகரும் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒரு வருட உச்சத்தையும் 50க்குப் பதில் 30 என்று இறுக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் சராசரியே வேண்டாம், எந்த வருடமும் 20தான் என்றது. சிறப்புச் சூழலில் அனுமதி வாங்கினால் மட்டும் 50 வரை போகலாம், அப்போதும் ஐந்து வருடச் சராசரி 20ஐத் தாண்டக்கூடாது. ஜெர்மனி அதற்கும் மேலே போய், வேலைக்காலம் முழுவதற்கும் 400 என்று ஓர் உச்சம் வைத்திருக்கிறது. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமோ 1991இல் எழுதிய விதியில் வருடத்துக்கு 50 என்று நிறுத்திக்கொண்டது. அதை மாற்றலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2016 கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டது. இருக்கும் விதியே போதிய பாதுகாப்புத் தருகிறது என்பது அவர்கள் வாதம்.

இவர்களில் யார் சர்வதேசத் தரத்தை ஏற்றவர், யார் ஏற்காதவர்? அமெரிக்காவைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே புத்தகத்திலிருந்து எடுத்தவர்கள்தான்.

இன்னொரு கண்ணி, சீவெர்ட் என்ற அலகுக்குள்ளேயே எந்தப் பதிப்பு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. உடல் முழுவதற்குமான டோஸைக் கணக்கிட ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எடை உண்டு. இனப்பெருக்க உறுப்புக்கு 1977இல் 0.25, 1990இல் 0.20, 2007இல் 0.08. மார்பகத்துக்கு 0.15 என்று தொடங்கி, 0.05க்கு இறங்கி, மறுபடி 0.12. உள்ளே போன கதிரியக்கப் பொருளுக்குக் கணக்குப் போடும்போது இது நன்றாகவே தெரியும். விதியின் உடம்பில் புது எண்ணும் பின்னிணைப்பில் பழைய அட்டவணையும் இருந்தால், வீட்டுக்குப் புது வாசல் வைத்துப் பழைய சாவியைக் கொடுத்த கதைதான்.

எனக்கு நேரில் பாடம் கற்றுக்கொடுத்தது கண் வில்லை விவகாரம்.

கண் வில்லைக்கு முன்பு வருடத்துக்கு 150 மில்லிசீவெர்ட் அனுமதி. கண்புரை நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே வருகிறது என்று தரவுகள் சேர்ந்ததும், ஐசிஆர்பி 2011 ஏப்ரலில் அதை ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 ஆக்கியது. சும்மா ஓர் எண் குறைந்ததாகத் தெரியலாம். ஆனால் 150 இருந்தவரை யாரும் கண்ணைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. உடம்புக்கான 20க்குள் இருந்தால் கண் தானாகவே 150க்குள் இருக்கும் என்று நெஞ்சில் டோஸை அளக்கும் ஒரு பேட்ஜோடு விட்டுவிட்டோம். இரண்டும் 20 என்றான பிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

உலையின் வெப்பத்தால் நீராவி தயாரிக்கும் கலனான நீராவி ஜெனரேட்டரின் அடிப்பகுதிக் கிண்ணத்துக்குள் புகுந்து அடைப்புத் தகடு பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உள்ளே இருப்பது சில நிமிடம்தான். ஆனால் கதிரியக்கம் படிந்த ஆயிரக்கணக்கான குழாய்கள் செருகிய தட்டு அவர் தலைக்கு நேர்மேலே. நெஞ்சைவிட நெற்றிக்கு அதிகம் கிடைக்கும். நெஞ்சுப் பேட்ஜ் சொல்வது கண்ணுக்கான கதை இல்லை. விதி புதிதாக வந்த பிறகு நான் இருந்த இடத்தில் நடந்த முதல் பராமரிப்பு நிறுத்தத்தில், ஆளுக்கு ஒரு பேட்ஜை ஹெல்மெட்டின் முன்பக்கம் ஒட்டிக் கொடுத்தோம். மாதக் கடைசியில் எண்கள் வந்தன. அவ்வளவு அழகான எண்கள்! நெஞ்சைவிடத் தலைக்குக் குறைவு. மேலதிகாரி சந்தோஷப்பட்டார். எனக்கு மட்டும் நெருடியது.

மறு ஷிஃப்டில் நுழைவுத் துளைக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். துளையின் விட்டம் ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவு. ஹெல்மெட்டோடு யாரும் நுழைய முடியாது. வந்த ஒவ்வொருவரும் அதைக் கழற்றிப் பக்கத்துக் குழாயில் மாட்டிவிட்டு, முகமூடியும் துணிக் குல்லாவுமாக உள்ளே போனார்கள். எங்கள் கண் பேட்ஜ்கள் வரிசையாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. “ஏன் அண்ணே, முதல் நாளே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். “நீங்க ஹெல்மெட்டைப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னீங்க சார், வெச்சிருக்கோம்” என்றார் மூத்தவர் ஒருவர். அன்றிலிருந்து பேட்ஜைக் குல்லாவில் நெற்றிக்கு நேராக ஒட்டினோம்.

அப்புறம்தான் நிஜக் கேள்விகள் வந்தன. பேட்ஜ் முகமூடிக்கு உள்ளேயா, வெளியேயா? கண் வில்லைக்கு 3 மில்லிமீட்டர் ஆழத்து டோஸ் வேண்டும். எங்களிடம் இருந்த பேட்ஜ் 10 மில்லிமீட்டருக்கும் தோலுக்கும் அளவு திருத்தப்பட்டது. புது பேட்ஜுக்கு அங்கீகாரம் யார் தருவது? போன வருடம் பழைய வரம்பில் 60 வாங்கியவர் இந்த வருடம் எங்கே நிற்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகமையின் 2014 புத்தகம் ஓர் அடிக்குறிப்பில் பதில் வைத்திருக்கிறது: சராசரியை விதி அமலுக்கு வந்த பிறகுதான் தொடங்க வேண்டும், பின்னோக்கிக் கணக்குப் போடக்கூடாது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அடிக்குறிப்பை விட்டுவிட்டால், விதி வந்த முதல் நாளே பாதிப் பேர் குற்றவாளி. ஜப்பான் இந்தக் கண் வரம்பைத் தன் விதியில் கொண்டுவந்தது 2021 ஏப்ரலில், சரியாகப் பத்து வருடம் கழித்து. முன்பென்றால் நானும் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மொழியின் தொல்லை தனி. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, நடுவில் மொழிபெயர்த்தவனையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதினேன். மூலத்தில் மூன்று வேறு சொற்கள். ஒன்று, தாண்டினால் சட்டமீறல். இரண்டாவது, வேலையைத் திட்டமிடும்போது நாமே வைத்துக்கொள்ளும் கீழ்மட்டக் குறி. தாண்டினால் ஏன் என்று பார்க்க வேண்டும், தண்டனை கிடையாது. மூன்றாவது, விபத்துக்குப் பிறகோ இயற்கையாகவே கதிர்வீச்சு இருக்கும் இடத்திலோ, இதற்குக் கீழே கொண்டுவர முயலுங்கள் என்று சொல்லும் மட்டம். மூன்றையும் நான் ‘வரம்பு’ என்றே எழுதித் தொலைத்தேன். வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “சார், ஒரு பக்கத்துல 20, ஒரு பக்கத்துல 6, இன்னொரு பக்கத்துல 100னு போட்டிருக்கு. எதைத் தாண்டினா என்னை வீட்டுக்கு அனுப்புவீங்க?” பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. இதே குழப்பம் கையேட்டில் இல்லாமல் சட்டத்தில் விழுந்திருந்தால், அதை அவிழ்க்க நீதிமன்றம்தான் போக வேண்டும்.

‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே பாருங்கள். உலை வெடிக்காமல் பார்ப்பதும் பாதுகாப்பு, ஊழியர் மேல் கதிர்வீச்சு படாமல் பார்ப்பதும் பாதுகாப்பு, கதிரியக்கப் பொருளைத் திருடன் கொண்டுபோகாமல் காவல் இருப்பதும் பாதுகாப்பு. வேறு பல மொழிகளிலும் இதே பிரச்சினைதான். விதியில் இதைப் பிரித்து எழுதாவிட்டால் எந்தத் துறை எதற்குப் பொறுப்பு என்று கோப்பு இங்குமங்கும் அலையும்.

‘இன்ன புத்தகத்தின்படி’ என்று ஒரே வரியில் விதி எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். எந்தப் பதிப்பு என்று சொன்னால் அது பழசாகிப்போகும். ‘அவ்வப்போது திருத்தப்படுகிறபடி’ என்று எழுதினால், நாட்டின் சட்டத்தை வெளியில் இருக்கும் ஒரு குழு மாற்றலாம் என்றாகிவிடும். எந்த நாடாளுமன்றமும் அதற்குச் சுலபத்தில் தலையாட்டாது.

விபத்து நேரத்துக்கான எண்களைத் தள்ளிப்போடுவதுதான் மிக ஆபத்து. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் அவசரகால ஊழியருக்கான வரம்பு 100 மில்லிசீவெர்ட்டாக இருந்தது. அது போதவில்லை. உலைகள் உருகிக்கொண்டிருக்கும்போதே அதை 250 ஆக உயர்த்தினார்கள். ஆறு பேர் அதையும் தாண்டினார்கள். அதைவிடப் பெரிய எண்களை இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே சர்வதேசப் பரிந்துரைகள் ஏற்கெனவே வைத்திருந்தன. முன்கூட்டியே சேர்த்திருந்தால் அது திட்டம். நடுவில் மாற்றினால், எவ்வளவு நியாயம் இருந்தாலும், மக்கள் கண்ணுக்கு அது வளைப்பு.

என் கருத்து இது. எல்லை தாண்டிப் போகும் பொருள்களுக்கான எண்களை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். சீசியம் 137, கோபால்ட் 60 இரண்டுக்கும் கிராமுக்கு 0.1 பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) வரை சாதாரணப் பொருள் என்றால் எல்லா நாட்டிலும் அதுவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு நாட்டின் சாதாரண இரும்பு பக்கத்து நாட்டின் துறைமுகத்தில் கதிரியக்கக் கழிவாகிவிடும். ஆள் மேல் வைக்கும் வரம்பை மட்டும், அளக்கும் கருவி, அங்கீகரிக்கும் ஆய்வகம், பதிவேடு மூன்றும் தயாரான தேதியோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். பத்து வருடம் ஆவது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எண்ணை இன்று அறிவித்துவிட்டு அளக்கும் வழியை ஆறு வருடம் கழித்துத் தேடுவதுதான் குறை.

ஐசிஆர்பி தன் அடுத்த பொதுப் பரிந்துரைக்கான சீராய்வை 2021இல் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய வருடமே, அளவீட்டு அலகுகளுக்கான ஐசிஆர்யு ஆணையம் டோஸை அளக்கும் முறையையே மாற்றலாம் என்று 95ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால், குறைந்த ஆற்றல் எக்ஸ் கதிர்களில் இப்போது பேட்ஜ் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் டோஸ் இறங்கிவிடும். அதே ஆள், அதே வேலை, அதே 20. பேட்ஜில் படிக்கும் எண் மட்டும் வேறு. பழைய பதிவேட்டில் இருக்கும் அவருடைய எண்களோடு அதைக் கூட்டலாமா கூடாதா என்பதற்கும் யாராவது ஓர் அடிக்குறிப்பு எழுத வேண்டியிருக்கும்.