மண்ணில்லாத அரசு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜாம்நகர் அருகே பாலாச்சடியில் 1942இல் போலந்துக் குழந்தைகளுக்காக அமைக்கப்பட்ட முகாமைப் பற்றிய உங்கள் கட்டுரையில், நாடு ஆக்கிரமிக்கப்பட்டதால் அப்போது லண்டனில் அகதி அரசாக இயங்கிய போலந்து அரசின் வெளியுறவுப் பொறுப்பை வகித்தவர் என்று எட்வர்ட் ராச்சின்ஸ்கியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒரே ஒரு வரிதான். அதைப் பிடித்துக்கொண்டு தேடிப்போனேன். எனக்குக் கிடைத்தது ஏமாற்றம். பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டார், பிரிட்டன் கைவிட்டது. தூதரகத்தை இழந்தார். 87ஆம் வயதில் ஜனாதிபதியானார். எந்த நாட்டுக்கு? ஓரடி மண் கிடையாது, ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. லண்டனில் ஒரு வீட்டுக்குள் முதியவர்கள் கூடி ஒருவருக்கொருவர் பதவிப் பிரமாணம் செய்துவைத்திருக்கிறார்கள். இது நாடகம் அல்லாமல் வேறென்ன? நூறாண்டு வாழ்ந்த ஒருவரின் திறமை இப்படி வீணாகப் போனதே என்றுதான் தோன்றுகிறது. நான் அவசரப்பட்டு முடிவு கட்டுகிறேனா? அவரைப் பற்றி எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

ஆம், அவசரப்படுகிறீர்கள். அவரை ஜனாதிபதிப் பதவியிலிருந்து பின்னோக்கிப் பார்த்திருக்கிறீர்கள். அவர் வாழ்க்கையில் மிகக் குறைவாக வேலை நடந்த ஏழாண்டுகள் அவை. அங்கே நின்று பார்த்தால் நாடகம்தான் தெரியும்.

நீங்கள் ‘பிரிட்டன் கைவிட்டது’ என்று எழுதியிருப்பதில் அவர் ஏமாந்துபோனார் என்ற தொனி இருக்கிறது. 1939 ஆகஸ்ட் 25 அன்று லண்டனில் அவரும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸும் கையெழுத்திட்ட பரஸ்பர உதவி ஒப்பந்தத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஓர் ‘ஐரோப்பிய வல்லரசு’ தாக்கினால் ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்கிறது வெளியே தெரிந்த ஒப்பந்தம். கூடவே ஒரு ரகசிய இணைப்பு உண்டு. அந்த ஐரோப்பிய வல்லரசு ஜெர்மனிதான், வேறொரு நாடு தாக்கினால் இரு தரப்பும் கலந்து பேசும் என்று அதில் இருக்கிறது. அவ்வளவுதான். செப்டம்பர் 17இல் சோவியத் படைகள் கிழக்கிலிருந்து நுழைந்தபோது பிரிட்டன் அவர்கள் மீது போர் அறிவிக்காததற்கு அந்த இணைப்பு போதுமான காரணமாக இருந்தது. ராச்சின்ஸ்கி அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார். ஸ்டாலினும் ஹிட்லரும் கைகோத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. வேறு எந்த உத்தரவாதமும் கிடைக்க வழியில்லை. கிடைத்தது பாதி என்றால் அந்தப் பாதியை எழுத்தில் வாங்கிவைப்பது தூதரின் தொழில். அந்தப் பாதிக்கும் அப்போது எடை இருந்தது. 26ஆம் தேதி விடியலில் தொடங்கவிருந்த படையெடுப்பை ஹிட்லர் 25ஆம் தேதி மாலையே நிறுத்திவைத்தார். முசோலினி பின்வாங்கியது ஒரு காரணம், இந்த ஒப்பந்தச் செய்தி இன்னொன்று. ஆறு நாள் அவகாசம். போலந்தைக் காப்பாற்ற அது போதவில்லை. ஆனால் செப்டம்பர் 3இல் பிரிட்டன் போரில் இறங்கியபோது, போலந்து ஐரோப்பாவின் ஒரு மூலையில் நடந்த எல்லைத் தகராறு என்ற நிலையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1891இல் அவர் பிறந்தபோது வரைபடத்தில் போலந்து என்று ஒரு நாடே இல்லை. பிறந்த ஊரான ஸகோபனே ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. குடும்ப மாளிகை இருந்த ரொகாலின் பிரஷ்யாவில் இருந்தது. கொள்ளுத்தாத்தா போஸ்னான் நகரத்துக்கு ஒரு பொது நூலகம் கட்டிக் கொடுத்தவர். அவருடைய தம்பி அதானாசியஸ் பிரஷ்யாவின் தூதராக வேலை பார்த்து ஓவியங்கள் சேர்த்தார். பெர்லினில் அவர் கட்டிய மாளிகையை இடித்துவிட்டுத்தான் ஜெர்மனி தன் நாடாளுமன்றத்தை, அந்தப் புகழ்பெற்ற ராய்ஷ்டாக் கட்டடத்தை, எழுப்பியது. நாடே இல்லாத காலத்தில் நூலகமும் ஓவியக்கூடமும் வழியாகப் போலந்தை வைத்திருந்த குடும்பம் அது. 1918க்குப் பிறகு நாடு திரும்ப வந்ததும் இவர் வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் போலந்தின் பிரதிநிதி, 1934 முதல் லண்டனில் தூதர். சீராக மேலேறிய உத்தியோகம், சொல்ல அதிகமில்லை.

என்னைப் பொறுத்தவரை அவருடைய குணம் முதலில் தெளிவாகத் தெரிவது 1941 ஜூலையில். ஜெர்மனி சோவியத் யூனியனைத் தாக்கிவிட்டது. ஸ்டாலின் இப்போது பிரிட்டனின் தோழர். போலந்துப் பிரதமர் சிகோர்ஸ்கி, சோவியத் தூதர் மைஸ்கியோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். அதில் பழைய கிழக்கு எல்லைக்கு உறுதி இல்லை. சோவியத் சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் கிடந்த போலந்துக் குடிமக்களுக்கு ‘பொதுமன்னிப்பு’ என்று எழுதியிருந்தது. குற்றமே செய்யாதவர்களுக்கு மன்னிப்பு! வெளியுறவு அமைச்சர் அவுகுஸ்ட் ஸலெஸ்கி இதை ஏற்க முடியாது என்று ராஜினாமா செய்தார். மானமுள்ள மனிதர், அவர் வாதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. காலியான அந்த நாற்காலியில், தூதர் பதவியையும் விடாமல், வெளியுறவுத் துறையின் பொறுப்பாளராகப் போய் உட்கார்ந்தவர் ராச்சின்ஸ்கி.

அந்தக் குறைபட்ட ஒப்பந்தம்தான் முகாம்களின் கதவைத் திறந்தது. 1942இல், விடுதலையானவர்களைக் கொண்டு அமைந்த ஜெனரல் ஆண்டர்ஸின் போலந்துப் படையோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சோவியத் மண்ணைவிட்டு ஈரானுக்கு வந்தார்கள். பெண்களும் அநாதைக் குழந்தைகளும் அதில் உண்டு. ஜாம்நகரைத் தலைநகராகக் கொண்ட நவாநகர் சமஸ்தானத்தின் மகாராஜா திக்விஜய்சிங்ஜி பாலாச்சடியில் இடம் கொடுத்தது சோவியத் நாட்டிலிருந்து இப்படி வெளியே வந்த குழந்தைகளுக்குத்தான். ஸலெஸ்கியின் கொள்கை சுத்தமாக இருந்தது. ராச்சின்ஸ்கி உட்கார்ந்த நாற்காலியில் கறை இருந்தது. பாலாச்சடியில் சோறு உண்ட குழந்தை எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று நான் கேட்கப்போவதில்லை. அப்படிக் கேட்பது ஸலெஸ்கிக்கு அநியாயம். இந்த இரண்டு பேரையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் மோதுவார்கள்.

அதே நாற்காலியிலிருந்து 1942 டிசம்பர் 10 தேதியிட்டு ஒரு குறிப்பு வெளியே போனது. நேச நாட்டு அரசுகள் அனைத்துக்கும் ராச்சின்ஸ்கி கையெழுத்திட்டு அனுப்பியது. ஜெர்மன் ஆக்கிரமிப்பில் உள்ள போலந்தில் யூதர்கள் மொத்தமாக அழிக்கப்படுகிறார்கள் என்பது அதன் பொருள். போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் அறிக்கைகளும், உயிரைப் பணயம் வைத்து நவம்பரில் லண்டன் வந்துசேர்ந்த யான் கர்ஸ்கியின் தகவல்களும் அதற்கு ஆதாரம். யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து ஜூலை 22 முதல் மக்கள் ரயிலேற்றப்பட்டதை அது விவரிக்கிறது. ட்ரெப்லிங்கா, பெல்ஜெட்ஸ், ஸோபிபூர் என்று கொலை முகாம்களைப் பெயர் சொல்கிறது. போருக்கு முன் போலந்தில் இருந்த 31,30,000 யூதர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மூன்றாண்டுகளில் மாண்டுவிட்டார்கள் என்கிறது. கொலைகாரர்களைக் கண்டித்தால் மட்டும் போதாது, இந்தக் கொலை தொடராமல் தடுக்க வழி காணுங்கள் என்றும் கேட்கிறது. ஓர் அரசு இன்னொரு அரசுக்கு யூத இன அழிப்பைப் பற்றி அதிகாரபூர்வமாக இவ்வளவு விரிவாக எழுதியது அதுவே முதல்முறை.

ஒரு வாரத்தில், டிசம்பர் 17 அன்று, நேச நாடுகளின் கூட்டறிக்கையை வெளியுறவு அமைச்சர் ஈடன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாசித்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். தடுப்பதற்கு வழி காணச் சொன்ன பகுதிக்குப் பதில் வரவில்லை. லண்டனில் போலந்து தேசியக் கவுன்சிலின் உறுப்பினராக இருந்த யூதர் ஷ்முல் ஜிகெல்பாய்ம், உலகம் வேடிக்கை பார்ப்பதைக் கண்டித்து 1943 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். அந்த மரணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ராச்சின்ஸ்கியின் குறிப்பு வெறும் காகிதமாகத் தெரியலாம். ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பிற்பாடு எந்த நேச நாட்டு அரசும் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம். மண்ணில்லாத அரசுக்கு என்ன மதிப்பு என்று கேட்டீர்கள். தனி மனிதர் எழுதினால் மனு. அரசு எழுதினால் அது மற்ற அரசுகளின் கோப்பில் ஏறும், பதில் சொல்லியாக வேண்டும்.

1943இல் கத்தின் காட்டில், சோவியத் ரகசியப் போலீஸ் 1940இல் சுட்டுக்கொன்ற போலந்து ராணுவ அதிகாரிகளின் சவக்குழிகள் வெளிப்பட்டன. போலந்து செஞ்சிலுவைச் சங்க விசாரணை கேட்டது. ஏப்ரல் 25 அன்று ஸ்டாலின் உறவை முறித்துக்கொண்டார். ஜூலையில் ஜிப்ரால்டரில் விமானம் விழுந்து சிகோர்ஸ்கி இறந்தார். இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, நான் கடந்துபோகிறேன். அதன்பிறகு ராச்சின்ஸ்கி தூதராக மட்டும் தொடர்ந்தார். 1945 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் கூடிய யால்டா மாநாட்டில் எல்லாம் முடிவானது. 1945 ஜூலையில் வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்த புதிய அரசை பிரிட்டன் அங்கீகரித்தது. போர்ட்லண்ட் பிளேஸில் பதினோரு ஆண்டுகள் அவர் இருந்த தூதரகம் கையைவிட்டுப் போனது.

நீங்கள் ஏமாற்றம் அடைந்த இடத்திலிருந்துதான் எனக்கு அவர் மீது மரியாதை கூடுகிறது. அவருடைய அரசை இல்லை என்று சொன்ன அதே பிரிட்டிஷ் அரசின் கருவூலம், போலந்து விவகாரங்களைத் தீர்க்க ஒரு இடைக்காலக் குழு அமைத்தது. அதில் போலந்துத் தரப்பின் தலைமைப் பிரதிநிதியாக ராச்சின்ஸ்கி உட்கார்ந்தார். லண்டன் போலந்துக்காரர்களில் பலருக்கு அது துரோகத்தின் வாசனை அடித்திருக்கும். அங்கீகாரத்தைப் பறித்தவனிடமே போய் வேலை பார்ப்பதா? ஆனால் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட போலந்துப் படைவீரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஏராளமானோரின் ஊர் ல்வூவ், வில்னோ பக்கம். அந்த ஊர்கள் இப்போது சோவியத் யூனியனுக்குள். திரும்பிப் போ என்றால் எங்கே போவது? 1946இல் லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது அந்தப் படைகள் அதில் நடக்கவில்லை. அதே ஆண்டில் போலந்து மறுகுடியமர்வுப் படை உருவானது; வீரர்களுக்குத் தொழிலும் ஆங்கிலமும் கற்பித்து வேலையில் சேர்ப்பது அதன் நோக்கம். 1947இல் மறுகுடியமர்வுச் சட்டம் வந்தது. உதவித்தொகை, மருத்துவம், பள்ளிகள், படை முகாம்களின் தகரக் கொட்டகைகளில் குடும்பங்களுக்கு இடம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டனில் வேரூன்றியது இப்படித்தான். அந்தச் சட்டத்தை அவர் எழுதவில்லை. ஆனால் ஓய்வூதியக் கணக்கும் மருத்துவமனைக் கட்டிலும் பேசப்பட்ட மேசையில் இருந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போலந்தவர் விவகாரங்களில் ஆலோசகராகவும் இருந்தார். கோமகன் பட்டம் கொண்ட ஒருவர், சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போன பழைய சிப்பாய்களின் விண்ணப்பங்களோடு உழன்றிருக்கிறார். வாழ்க்கை வரலாறுகளில் இதற்கு ஒரு பத்திக்கு மேல் கிடைப்பதில்லை. எனக்கு 1939 ஒப்பந்தத்தைவிட இது பெரிதாகப் படுகிறது.

நாடகம் என்று நீங்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாட்டிகன், ஸ்பெயின், அயர்லாந்து போன்ற சில நாடுகள் மட்டும் லண்டன் அரசை இன்னும் சில காலம் அங்கீகரித்தன. மற்றபடி ஈட்டன் பிளேஸ் வீடு ஒன்றில் அமைச்சரவைக் கூட்டங்கள், அரசாணைகள், விருதுகள். சண்டைகளும் குறைவில்லை. 1947இல் ஜனாதிபதியானவர் அதே ஸலெஸ்கி. ஏழாண்டுப் பதவிக்காலம் 1954இல் முடிந்தும் அவர் விலக மறுத்தார். புலம்பெயர்ந்தோர் இரண்டாக உடைந்தார்கள். எதிர்த்தரப்பு ‘மூவர் கவுன்சில்’ என்று ஒன்றை அமைத்தது: ஜெனரல் ஆண்டர்ஸ், பழைய சோஷலிஸ்ட் பிரதமர் ஆர்ச்சிஷெவ்ஸ்கி, ராச்சின்ஸ்கி. ஓரடி மண் இல்லாத நாட்டுக்கு இரண்டு தலைமைகள், 18 ஆண்டுகளுக்கு! 1972இல் ஸலெஸ்கி இறந்த பிறகுதான் பிளவை ஒட்டவைக்க முடிந்தது. 1941இல் கொள்கைக்காகப் பதவியை உதறியவர், கிழவரானபின் அதே கொள்கையின் பெயரால் பதவியைப் பிடித்துக்கொண்டார். இதில் ஸலெஸ்கியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அகதி வாழ்க்கையில் மனிதர்களிடம் மிஞ்சுவது சட்டப் பிரிவுகள் மட்டும்தான். அவற்றைப் பிடித்த பிடி தளராது.

1979 ஏப்ரல் 8 அன்று ராச்சின்ஸ்கி ஜனாதிபதியானார். 1986 ஏப்ரல் 8 அன்று, ஏழாண்டு முடிந்த நாளில், கசிமிர் சபாட்டிடம் பதவியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். அப்போது வயது 94. அவருடைய ஜனாதிபதிக் காலத்தில் ஆகச் சிறந்த செயல் அந்த இறங்குதல்தான் என்பேன். சபாட்டுக்குப் பின் வந்த கச்சொரோவ்ஸ்கி, 1990 டிசம்பர் 22 அன்று வார்சா அரண்மனையில் ஜனாதிபதிக் கொடியையும் முத்திரைகளையும் 1935 அரசியல் சட்டத்தின் மூலப்பிரதியையும், மக்கள் தேர்ந்தெடுத்த புதிய ஜனாதிபதி லெக் வலேசாவிடம் ஒப்படைத்தார். கம்யூனிஸ்ட் அரசின் வாரிசாக இல்லாமல் போருக்கு முந்தைய குடியரசின் வாரிசாக நிற்க வலேசாவுக்கு அந்தப் பொருட்கள் உதவின. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ராச்சின்ஸ்கிக்கு 99 வயது நிறைந்திருந்தது. மறு ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார், மூன்றாவது முறையாக. ரொகாலின் மாளிகையையும் ஓவியங்களையும் நாட்டுக்கே கொடுத்தார். 1993 ஜூலையில் லண்டனில் இறந்து, ரொகாலினில் குடும்பக் கல்லறையில் அடக்கமானார்.

எங்கிருந்து வாசிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கை வரலாறுகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 1942 டிசம்பர் குறிப்பு அன்றே ஆங்கிலத்தில் சிறு பிரசுரமாக அச்சாகியது. ஒரே அமர்வில் படித்துவிடலாம். அதை முதலில் படியுங்கள். அடுத்து 1939 ஒப்பந்தத்தை ரகசிய இணைப்போடு சேர்த்துப் படியுங்கள், அது இன்னும் சிறியது. இரண்டையும் முடித்துவிட்டு எழுதுங்கள். 1947 சட்டத்தைப் பற்றித் தனியாகப் பேசலாம்.