பல்ஸ்டு பவர் மாநாடு: குன்னூரிலிருந்து கேள்வி பதில்

உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குன்னூரில் இருக்கிறேன். சர்வதேச பல்ஸ்டு பவர் மாநாடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

கோத்தகிரி மாணவி: சார், பல்ஸ்டு பவர்னா என்ன? அதுக்குன்னு தனியா உலக மாநாடு வேணுமா?

மின்சக்தியை நிதானமாகச் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் கொட்டுவதுதான் பல்ஸ்டு பவர். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் இசட் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு தடவை கொட்டுவதற்கு, அதில் சேர்ப்பது சுமார் 20 மெகாஜூல், மின்வாரியக் கணக்கில் 6 யூனிட் கூட வராது, நம் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் பதினைந்து ஷாட்டுக்கு மேல் அடிக்கலாம்! ஆனால் அது பாய்வது சுமார் 100 நானோ செகண்டில், அதாவது ஒரு வினாடியைக் கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு. கரண்ட் 2.6 கோடி ஆம்பியர் வரை போகும். இதைத் தாங்குகிற ஸ்விட்ச், மின்சக்தியைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர், இன்சுலேஷன் எல்லாமே தனிக் கலை. அதனால்தான் 1976-ல் டெக்சாஸின் லப்பக் நகரில் முதல் மாநாடு கூடியது.

ஊட்டி பாலிடெக்னிக் தம்பி: மார்க்ஸ் ஜெனரேட்டர் வீட்டில் செய்யலாமா அண்ணா?

இது கார்ல் மார்க்ஸ் இல்லை, எர்வின் மார்க்ஸ், 1924. குறைந்த வோல்டேஜில் சார்ஜ் செய்து, உயர்ந்த வோல்டேஜ் துடிப்பாக வெளியே விடும் கருவி இது. கெப்பாசிட்டர்களைப் பக்க இணைப்பில் சார்ஜ் செய்து, இடையிலுள்ள ஸ்பார்க் கேப்கள் (பொறி பாய விட்ட காற்று இடைவெளிகள்) பொறி விட்டதும் தொடர் இணைப்பாக மாறி வோல்டேஜ் அடுக்கடுக்காகக் கூடும். 50 கிலோவோல்ட்டில் பத்து அடுக்கு என்றால் ஏறக்குறைய 500 கிலோவோல்ட்.

கீழே கோயம்புத்தூரில் செட் செய்த கேப்பை அப்படியே மேலே கொண்டு வந்தால் சொன்ன பேச்சு கேட்காது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், கோயம்புத்தூரில் 30 கிலோவோல்ட் தாங்கிய இடைவெளி ஊட்டியில் 25-ஐ எட்டுவதற்குள் பொறி விட்டுவிடும். பெரிய இயந்திரங்களில் கேப்பை மூடி, உள்ளே வாயுவை அழுத்தி வைப்பார்கள், அப்போது மலையும் சமவெளியும் ஒன்றுதான்.

வீட்டில் மட்டும் வேண்டாம் தம்பி. கெப்பாசிட்டரை ஒரு தடவை ஷார்ட் செய்துவிட்டால் செத்துவிட்டது என்று நினைக்காதே, கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து வோல்டேஜ் திரும்பவும் ஊறி வரும். எர்த் ராடால் (தரையோடு இணைத்த உலோகக் கம்பி) தொட்ட பிறகும் இரண்டு முனையையும் கம்பியால் கட்டியே வைக்க வேண்டும். கல்லூரி லேபில், விஷயம் தெரிந்த வாத்தியார் பக்கத்தில் நிற்க, தாராளமாகச் செய்.

கேத்தி விவசாயி: இதுனால எங்களுக்கு என்னங்க?

உருளைக்கிழங்குதான் ஐயா! கிழங்கைத் தண்ணீரில் போட்டு மிகக் குறுகிய மின் துடிப்புகள் கொடுத்தால் செல் சவ்வில் துளைகள் விழுந்து கிழங்கு வளைந்து கொடுக்கும், வெட்டும்போது உடைசல் குறையும். வெளிநாட்டு சிப்ஸ் ஆலைகளில் இது ஏற்கெனவே ஓடுகிறது, மாநாட்டிலும் இதற்குக் கட்டுரைகள் வருவதுண்டு. ஆனால் இங்கே கடை போட்டுச் சிப்ஸ் பொரிப்பவருக்கு மெஷின் விலை கட்டுபடியாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடலூரிலிருந்து ஒருவர்: இடியை விடவா பெரிய பவர்?

வோல்டேஜில் மேகத்தை மனிதன் இன்னும் எட்டவில்லை. நம் ஊட்டியின் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமழையின்போது மியூயான் (காஸ்மிக் கதிர்களால் காற்றில் உருவாகும் நுண்துகள்) எண்ணிக்கை குறைந்ததை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

கொடைக்கானல் ஆராய்ச்சி மாணவர்: மாநாட்டுக்குப் போனால் எதைப் பார்க்கணும்?

மேடைப் பேச்சை விட, ஆய்வாளர்கள் தங்கள் வேலையைப் போஸ்டராக ஒட்டி விளக்குகிற போஸ்டர் அரங்கில் நில்லுங்கள். குறிப்பாக ஸ்விட்ச் பற்றிய போஸ்டர்கள், என் கணக்கில் இந்தத் துறையின் பாதித் தலைவலி அதில்தான். கட்டுரையில் வராத விவரம், எத்தனை ஷாட்டில் எலக்ட்ரோடு அரித்தது, எந்த எண்ணெய் சரிப்படவில்லை என்பதெல்லாம் அங்கே நின்று கேட்டால் சொல்வார்கள். அப்புறம், கட்டுரைச் சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றைக்கே அழைப்புக் கடிதம் கேட்டு விசாவுக்குப் போட்டுவிடுங்கள்.